களத்துச் சாம்பல்

எங்கள் பட்டறையில் கை கழுவாமல் சோற்றைத் தொட்டால் வேலை போய்விடும். வேறு எதற்கும் முதலாளி பாய் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. தாமதமாக வந்தாலும், நல்ல கம்ப்யூட்டர் போர்டு ஒன்றைப் புகைய விட்டாலும், "போவட்டும் வுடு" என்பார். ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் மேஜைமேல் டிபன் பாக்ஸைப் பார்த்துவிட்டால் மட்டும் மனிதர் வேறு ஆளாகிவிடுவார். "ஈயம் வவுத்துக்குள்ள போச்சின்னா லேசுல வெளிய வராதும்மா. சோப்பு போட்டு, நகத்து இடுக்குல தேய்ச்சி, அப்பறம் துன்னு." அவர் இல்லாதபோது அவர் குரலிலேயே இதைச் சொல்லிக் காட்டிச் சிரிப்போம். சிரித்தோமே தவிர, ஒழுங்காகக் கழுவினோம்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் பின்பக்கம், இரும்பு மில்லுகளின் தூசி வந்து படியும் ஒரு ஷெட்தான் பட்டறை. பாயின் குடும்பம் பழவேற்காட்டில் தலைமுறையாக இறால் வியாபாரம் செய்தது. இவர் ஒருவர்தான் பழைய கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு அழுதார். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த அந்த வருஷங்களில் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் மழைக்காலக் காளான்போல முளைத்தன. அவர்கள் மெஷின் வாங்குகிற வேகமும் தூக்கிப் போடுகிற வேகமும் ஒன்றுதான். புது சாப்ட்வேர் வந்தால் பழைய மெஷின் வேண்டாம். தட்டை மானிட்டர் வந்தால் பெட்டி மானிட்டர் வேண்டாம். சேலையைக்கூட நாங்கள் அதைவிட அதிக நாள் உடுத்துவோம்.

பாய்க்கு இது பொறுக்காது. "இத்த செய்ய எவ்ளோ தண்ணி, எவ்ளோ கரண்டு, எந்த நாட்டு மண்ணத் தோண்டினானோ. இன்னும் அஞ்சு வருசம் ஓடும்மா இது. குப்பைல போட மனசு எப்டி வருது?" என்று புலம்பிக்கொண்டே லோடு லோடாக வாங்கி வருவார். ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்து, உயிர் இருக்கிறதா இல்லையா என்று சொல்வது என் வேலை. இரண்டு நோயாளிகளைச் சேர்த்து ஒரு நல்லதை எழுப்புவேன். மெமரியைக் கூட்டிப் போட்டு, தூசி ஊதி, பள்ளிக்கூடத்துக்கும் பிரவுசிங் சென்டருக்கும் அனுப்புவோம். எனக்கு அதில் கர்வம் உண்டு. எழுந்திருக்காதவற்றின்மேல் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டு மூலையில் அடுக்குவேன். மாதம் ஒருமுறை ஒரு புரோக்கர் வேன் கொண்டுவந்து அவற்றை எடுத்துப் போவார். எங்கே என்று கேட்டால், "பிரிக்கிற எடத்துக்குமா" என்பார். அதற்குமேல் பாயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் வாழ்க்கைப்பட்ட வீடு, ஊத்துக்கோட்டை போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. என் கணவருக்கு இரும்பு மில்லில் ஷிப்டு வேலை. அவருடைய அண்ணன் நிலத்தைப் பார்த்துக்கொண்டார். நான் அவரை மாமா என்றும் அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன். அவர்களுக்கு ஒரே பெண் குழந்தை, இரண்டு வயதை நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போது குழந்தை இல்லாததால் அந்த வீட்டில் இருந்த செல்லமெல்லாம் அதற்குத்தான். காலையில் ஷேர் ஆட்டோ பிடித்தால் நான் வீடு திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். ஆகவே அடுப்படி முழுக்க அக்காவின் ராஜ்யம்.

அரசாங்கம் இலவசமாக காஸ் அடுப்பு கொடுத்த சமயம் அது. எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டது. கண் எரிச்சல் போச்சு, விறகு பொறுக்கும் வேலை போச்சு என்று பெண்கள் எல்லோருக்கும் சந்தோஷம். கொஞ்ச நாள் கழித்துத்தான் ஒரு புதுக் குறை தெரிந்தது. வீட்டில் சாம்பல் இல்லை. பாத்திரம் தேய்க்கச் சாம்பல், கீரைப் பாத்தியில் பூச்சிக்குத் தூவச் சாம்பல், நாற்றங்காலில் விதைமேல் போடச் சாம்பல் என்று எங்கள் ஊருக்கு அது உப்பைப்போல. சோப்புக் கட்டி வாங்கிக் கொடுத்தேன். அக்கா மூக்கைச் சுளித்தாள். "கொழகொழன்னு கீது. எத்தினி தடவ அலசினாலும் அந்த நாத்தம் போவல. இதுல சோறு துன்றதா?"

அதே சமயத்தில்தான் மாமா களத்தை வாடகைக்கு விட்டார். அறுப்பு மெஷின் வயலிலேயே நெல்லைப் பிரித்துக் கொடுத்துவிடுவதால் களம் சும்மா கிடந்தது. மூன்று பக்கமும் சவுக்குத் தோப்பு, ஒரு பக்கம் வண்டி வர வழி. ஒயர் எரித்துச் செம்பு எடுக்கிற ஒருவர் வந்து கேட்டார். "சும்மா கெடக்கற எடம். டப்பு வந்தா வோணாம்னு சொல்லுவாங்களா?" என்று மாமா தலையாட்டிவிட்டார். இதில் தப்பு என்று அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சக்கையை எரிப்பது விவசாயக் குடும்பத்துக்குப் புதிதா என்ன?

நான் ஆட்டோவை விட்டு இறங்கும் நேரத்தில் அங்கே தீ மூட்டியிருப்பார்கள். சவுக்கு மரங்களுக்கு நடுவே தெரியும் அந்தத் தீயின் ஓரம் பச்சையாக இருக்கும். புகையில் ஒரு தித்திப்பு உண்டு, தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். களத்தில் எப்போதும் படுத்துக் கிடக்கும் தெரு நாய்கள் இடத்தை மாற்றிக்கொண்டன. கொடியில் காய்ந்த துணியை முகர்ந்து பார்த்து மறுபடி அலசினோம். முணுமுணுத்தோம், ஜன்னலைச் சாத்தினோம், அவ்வளவுதான்.

அக்காதான் முதலில் கூடையோடு அங்கே போனாள். எரித்து முடித்த இடத்தில் சாம்பல் மாவுபோலக் கிடந்தது. கேட்பாரில்லை. அள்ளி வந்து, மேலே கிடந்த கரித் துண்டுகளைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, சல்லடையில் சலித்து, துவைக்கிற கல் பக்கத்தில் கொட்டாங்குச்சியில் வைத்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் நான் வந்தபோது பித்தளைக் குடம் தங்கமாக மின்னியது. எவர்சில்வர் தட்டில் என் பல் தெரிந்தது. அரிசி மில்லிலிருந்து உமிச் சாம்பல் வாங்கியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. தேய்க்கிறவள் அவள், கேட்க எனக்கு என்ன உரிமை?

அக்காவுக்கு ஒரு பொருள் கிடைத்தால் தெருவுக்கே கிடைத்த மாதிரி. வீட்டுக்கு ஒரு கூடை கொடுத்தாள். "இந்தா, அடுப்பு சாம்பல் தோத்துது போ" என்று பெருமை வேறு. கீரைப் பாத்தியில் தூவினாள். மாமா நாற்றங்காலில் வீசினார். நாற்று திட்டுத் திட்டாக வெளுத்தபோது ஏதோ நோய் என்று நினைத்து அதன்மேல் இன்னும் கொஞ்சம் வீசினார்.

குழந்தை நாள் முழுவதும் அக்காவின் பக்கத்திலேயே துவைக்கிற கல்லடியில் விளையாடும். கொட்டாங்குச்சியில் கைவிட்டு அளையும், அந்தக் கையை வாயில் வைக்கும். அதற்கு அப்போது சில வார்த்தைகள் வந்திருந்தன. காக்கா, தண்ணி, அப்பாவின் வண்டியைப் பார்த்தால் டுர்டுர், என்னைப் பார்த்தால் த்தி. சித்தி என்பதில் பாதி. வேலையிலிருந்து வரும்போது வாசலிலேயே "த்தி" என்று கத்தும். அந்தச் சத்தத்துக்காகவே வேகமாக நடப்பேன்.

ஒருநாள் கத்தவில்லை. தூக்கம் போல என்று நினைத்தேன். மறுநாளும் கத்தவில்லை. காக்காவைக் காட்டினால் பார்த்தது, சொல்லவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதது. முகம் வெளிறியது. வெளிக்குப் போகாமல் நாள்கணக்கில் முக்கியது. சோறு என்றால் தலையைத் திருப்பிக்கொண்டது. குடலேற்றம் என்று எண்ணெய் போட்டு வயிற்றை நீவினார்கள். பூச்சி மருந்து கொடுத்தார்கள். கண்ணேறு கழித்தார்கள். கடைசியில் தண்ணி என்ற சொல்லும் போயிற்று. தாகம் எடுத்தால் அது குடத்தின் பக்கத்தில் போய்ச் சும்மா நின்றது. வளர்கிற குழந்தைக்குப் புதிதாக வரவேண்டியது வராவிட்டால்கூடப் பொறுக்கலாம், வந்தது திரும்பிப் போவதை நான் கேள்விப்பட்டதே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழந்தைக்காக வேண்டிக்கொள்ள அக்காவும் மாமாவும் திருப்பாச்சூர் கோயிலுக்குப் போனார்கள். பாத்திரம் தேய்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. கொட்டாங்குச்சியில் கைவிட்டு அள்ளியபோது விரலில் ஏதோ உருண்டது. கல் என்று நினைத்துத் தூர எறியப் போனேன். கனமாக இருந்தது. சேலையில் துடைத்துப் பார்த்தேன். கடுகைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளி மணி. நகத்தால் அழுத்தினால் அமுங்கியது. என் மேஜையில் தினமும் சொட்டி உருளும், ஈயம் கலந்த சால்டர் மணி அது. சாம்பலைத் தரையில் கொட்டித் தேடினேன். இன்னும் சில கிடைத்தன. ஒரு ஐசி சிப்பின் பொசுங்கிய கால்கூட இருந்தது.

களத்துக்கு ஓடினேன். ஞாயிறு என்பதால் ஆளில்லை. எரிக்கக் காத்திருந்த குவியலில் இருந்தது ஒயர் மட்டுமல்ல. போர்டுகள், உடைத்த மானிட்டர்கள், கழற்றிப் போட்ட கேபினட்டுகள். அவற்றில் சிலவற்றின்மேல் சாக்பீஸில் பெருக்கல் குறி. நான் குறி போடும்போது இரண்டாவது கோட்டைக் கொஞ்சம் நீட்டி இழுப்பேன். அதே இழுப்பு. இந்த மாவட்டத்தில் எத்தனை ஊர், எத்தனை களம்! செத்தது என்று நான் சொல்லி அனுப்பியது, என் வீட்டுப் பாத்திரத்துக்குத்தான் வந்து சேரவேண்டுமா என்று வாய்விட்டே கத்தினேன்.

அக்கா வந்ததும் சொன்னேன். பக்குவமாகச் சொல்லியிருக்கலாம், எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. "க்கா, அந்தச் சாம்பல்ல வெஷம் கீது. அதான் பாப்பாவ இப்டி ஆக்கிடுச்சி."

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னை முழுதாகப் பார்த்தாள். "அப்போ நான்தான் எம் புள்ளைக்கு வெஷம் வெச்சேன்றியா?"

"நான் அப்டி சொல்லலக்கா."

"அப்பறம் இன்னா சொன்ன? காலைல பவுடர் பூசிகினு போறவளுக்கு இன்னா தெரியும்? தெருவே தேய்க்குது. எல்லாப் புள்ளையும் நல்லாத்தான கீது? நீ பெத்திருந்தா தெரியும்."

என் கணவர் நடுவில் வந்து எங்கள் இருவரையும் திட்டினார். மாமா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். மறுநாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது, அக்கா வேண்டுமென்றே என் எதிரில் கல்லடியில் உட்கார்ந்து, கை நிறையச் சாம்பலை அள்ளிக் குழந்தையின் பால் சொம்பை அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். பறித்து எறிய வேண்டும்போல இருந்தது. அவள் வீடு, அவள் குழந்தை. ஆட்டோ வந்தது, ஏறினேன்.

பாயிடம் சொன்னபோது அவர் எழுந்து ஷெட்டின் மூலைக்குப் போய், குறி போட்ட அடுக்கின் முன்னால் நின்றார். "நம்மளுதா?" என்றார். ஆமாம் என்றேன். புரோக்கருக்கு அங்கேயே போன் போட்டு இனி வேன் அனுப்ப வேண்டாம் என்றார். "கொழந்தைய இட்டுகினு வாம்மா. பட்டணத்துல ரத்தம் டெஸ்ட் பண்ணலாம். எங்க பண்றாங்கன்னு நான் விசாரிக்கறேன்." எப்படிக் கூட்டிவருவது? குழந்தையின் அம்மா என்னோடு பேசுவதில்லை.

அந்த வார முடிவில் குழந்தைக்கு வலிப்பு வந்தது. கண் மேலே செருகி, கை கால் வெட்டி இழுத்தது. ஊத்துக்கோட்டை ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுவிட்டு உடனே சென்னைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். பாயின் வேன் வந்தது. வழியெல்லாம் அக்கா குழந்தையின் காதில் காக்கா, தண்ணி, த்தி என்று அந்த வார்த்தைகளையே சொல்லிக்கொண்டு வந்தாள். என் மடியில் ஒரு பிளாஸ்டிக் பையில் அந்தச் சாம்பல் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

குழந்தைகள் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா குழந்தையின் உதட்டைத் தூக்கி, ஈறோரம் ஓடிய கருநீலக் கோட்டைப் பார்த்தார். "வீட்ல பேட்டரி, ஈயம்னு ஏதாவது வேலை செய்றீங்களா?" நான் பையை நீட்டினேன். ரிசல்ட் வந்தபோது அவர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டார். ரத்தத்தில் ஈயம் ஏறியிருக்கிறது, நிறைய. வெளியே இழுக்க மருந்து இருக்கிறது, உயிர் பிழைத்துவிடும். வலிப்பு நிற்கும், ரத்தம் ஊறும். "பேச்சு வருமா டாக்டர்?" என்று அக்கா கேட்டாள். "வரலாம். எவ்வளவு வரும்னு இப்போ சொல்ல முடியாதும்மா" என்றார். வீட்டில் இருக்கிற எங்கள் எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். எல்லோரிடமும் இருந்தது, பட்டறையில் நகத்து இடுக்குவரை கழுவிய என்னிடமும்.

வராந்தாவில் அக்கா என் கையைப் பிடித்தாள். அழவில்லை. "ஊடு ஊடா குடுத்தேனேடி" என்றாள்.

பாயைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். எரிக்காமல் பிரிக்கிற இடம் ஒன்றை அவர் தேடிக் கண்டுபிடிக்க வெகுகாலம் ஆயிற்று. அதுவரை செத்த மெஷின்களைக் கூரை முட்ட அடுக்கினார். எங்களுக்கு நடக்க வழியில்லை. கம்பெனி கம்பெனியாக ஏறி, "மாத்தாதீங்க, நான் ரிப்பேர் பண்ணித் தரேன், இருக்கறதயே ஓட்டுங்க" என்று கெஞ்சினார். ஏசி அறையில் உட்கார வைத்து, டீ கொடுத்து, அடுத்த லோடு எப்போது எடுக்கிறீர்கள் என்று கேட்டார்கள். அந்த அறைகளில் புகை கிடையாது, தூசி கிடையாது. இதெல்லாம் எங்கே போய் முடிகிறது என்று அங்கே யாருக்கும் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. களத்தில் எரித்தவர் எளாவூர்ப் பக்கம் வேறு ஒரு தோப்புக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டோம். களத்தில் மிச்சமிருந்ததை மாமா ஓலை போட்டு மூடினார். அதற்குள் ஒரு மழை பெய்து, பாதி வாய்க்காலில் போய்விட்டிருந்தது.

குழந்தைக்குக் கொஞ்சம் தெளிந்ததும் மாமாவை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு அக்கா ஊருக்குக் கிளம்பினாள். நானும் கூட வந்தேன். "நான் குடுத்தது, நான்தான் சொல்லணும்" என்று தெருக்கோடியிலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "அந்தச் சாம்பல எடுக்காதீங்க, எம் பொண்ணுக்கு அதுதான் ஆச்சி, புள்ளைங்களுக்கு ரத்தம் பாருங்க" என்றாள். சிலர் நம்பினார்கள். சிலர், புள்ளைக்கு ஒடம்பு சரியில்லாததில் இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று கண்ணால் பேசிக்கொண்டார்கள். ஒருத்தி, "எங்க ஊட்டுப் பாத்திரம் எவ்ளோ சுத்தமா கீது பாரு" என்று அந்த மின்னுகிற டம்ளரிலேயே எங்களுக்கு மோர் கொடுத்தாள். அக்கா டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.

கடைசி வீட்டில் புது மருமகள் மட்டும் இருந்தாள். முதல் பிரசவத்துக்குக் காத்திருக்கும் பெண், வயிறு நன்றாகத் தெரிந்தது. அக்கா சொன்னதையெல்லாம் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். வாதாடவில்லை. "பாத்திரம் தேய்ச்சா மட்டும்தான க்கா ஆவும்?" என்றாள்.

"இன்னா கேக்கற?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கத்தில் லேசாகச் சிரித்தாள். "மசக்கைல வாய் ஊறிகினே இருந்திச்சி. இது நைசா இருந்திச்சா, தெனம் கொஞ்சம் கொஞ்சம் துன்னுகினு இருந்தேன். அத்தைக்குத் தெரிஞ்சா திட்டும்னு யார்கிட்டயும் சொல்லல."

அக்கா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பெண் பயந்துபோய் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அக்கா எழுந்தாள். அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டு, "செருப்பப் போட்டுக்கோ, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றாள்.

"இப்பவேவா? ஸ்டவ்வுல பால் வெச்சிருக்கேனே க்கா."

அக்கா உள்ளே போய் காஸை நிறுத்திவிட்டு வந்தாள்.